பெங்குவின் பார்க்கப் போன இடத்தில் அப்பா ஞாபகம்

 

ரெண்டு வாரமா அன்னதானப் பக்கம் ஆளைக் காணோமேன்னு நெறைய பேர் கேட்டீங்க. நானும் வீட்டுக்காரம்மாவும் தென்னாப்பிரிக்கா போயிட்டு வந்தோம். 55 வயசு முடிஞ்சதும் சேமநிதியில கொஞ்சம் எடுத்தேன். கூரை மாத்தலாம்னு நான் சொன்னேன். "முப்பது வருஷமா ஷிப்டு ஷிப்டுன்னு ஓடினீங்க, ஒரு தடவை தூரமா எங்கயாச்சும் போவோங்க"ன்னு அவங்க சொன்னாங்க. அவங்க பேச்சுதான் ஜெயிச்சது. மழை பேஞ்சா இன்னமும் வாளிதான் வைக்கிறோம்.

முதல்ல கேப் டவுன். ஊருக்குப் பின்னாலேயே மேசை மலை, ஆயிரம் மீட்டருக்கு மேல உயரம், உச்சி வெட்டி வெச்ச மாதிரி தட்டையா இருக்கு. காத்து அடிச்சா மேகம் அது மேல வெள்ளைத் துணி விரிச்ச மாதிரி வழியுது. செப்டம்பர் மாசம் அங்க குளிர் போய் வசந்தம் ஆரம்பிக்கிற நேரம். நமக்கு அதுவே கடுங்குளிர். புரட்டாசி வேற, சைவம். பாதி நாள் ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான், மீதி நாள் நாங்க கொண்டு போன மேகி.

போல்டர்ஸ் கடற்கரையில பெங்குவின் பார்த்தோம். 1982-ல ரெண்டே ஜோடி வந்து அங்க குடியேறிச்சாம், அதுல இருந்து பெருகினதுங்களாம். உயரம் கொஞ்சம்தான். ஆனா கத்துச்சுன்னா கழுதை கத்துற மாதிரியே இருக்கு, எங்க வீட்டம்மா பயந்துட்டாங்க. அதுங்க திங்கிற மத்தியும் நெத்திலியும் கடல்ல குறைஞ்சு போச்சு. அழிவின் விளிம்புல இருக்கிற இனம்னு 2024-ல அறிவிச்சிட்டாங்க. நன்னம்பிக்கை முனை போற வழியில பபூன் குரங்குங்க. நம்ம பினாங்கு தண்ணீர்மலைக் குரங்குங்க இதுங்களைப் பார்த்தா கும்பிடு போட்டுட்டு ஓடிடும். கார் கதவைத் திறந்து சாப்பாட்டை எடுத்துட்டுப் போயிடுமாம், அவ்வளவு தைரியம்.

ஹெர்மானஸ்ங்கிற ஊர்ல திமிங்கிலம். படகு வேண்டாம், பாறை மேல நின்னாலே தெரியுது. குட்டி ஈன்றதுக்காக வருஷா வருஷம் அந்தக் கடலுக்கு வருதாம். தாயும் குட்டியும் கரையோரமா மெதுவா போச்சு. வீட்டம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க. படமெல்லாம் கோயில் வாட்ஸ்அப் குழுவுல போட்டாச்சு.

இன்னொன்னு சொல்லணும். அங்க பேசுற ஆப்பிரிக்கான்ஸ் மொழியில வாழைப்பழத்துக்குப் பேர் 'பிசாங்'. நம்ம மலாய் வார்த்தையேதான்! டச்சுக்காரன் காலத்துல ஜாவா, மக்காசார் பக்கமிருந்து அடிமையா கொண்டு போனவங்க விட்டுட்டுப் போன வார்த்தை. நம்ம சோழமண்டலக் கரையில இருந்தும் ஆளுங்களைப் பிடிச்சுக்கிட்டுப் போயிருக்காங்க.

அடுத்து ஸ்டெலன்பாஷ், திராட்சைத் தோட்டம். இதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுத உக்காந்தேன்.

மலை அடிவாரம் முழுக்க வரிசை வரிசையா கொடி. பழம் இல்லை, பழம் பிப்ரவரி, மார்ச்சுலதானாம். அப்பத்தான் துளிர் விட்டிருந்துச்சு. நம்ம கித்தா மரம் நிரை பிடிச்சு நிக்கிற மாதிரியே இருந்துச்சு, எனக்கு அப்பவே ஒரு மாதிரி ஆயிடுச்சு. கூட வந்தவங்க எல்லாம் ஒயின் ருசி பார்க்க உள்ளே போனாங்க. வீட்டம்மா கடையில சாமான் பார்க்கப் போனாங்க. நான் வேன் டிரைவர் கூட வெளியில மரத்தடியில உக்காந்தேன். அவரும் என் வயசுதான், அந்தப் பக்கத்துக்காரர். நீங்க குடிக்கலையான்னு கேட்டார். தொட்டதே இல்லைன்னேன். நானும்தான்னு சொன்னார். அவர் அப்பா திராட்சைத் தோட்டத்துல வேலை செஞ்சவராம். அந்தக் காலத்துல கூலியில ஒரு பங்கு ஒயினாவே குடுப்பாங்களாம். விற்க முடியாத மட்ட ஒயின். காலையில ஒரு குவளை, மத்தியானம் ஒரு குவளை, வேலை முடிஞ்சு மறுபடியும். அதுக்கு 'டோப்'னு பேர். சட்டம் போட்டுத் தடுத்த பிறகும் பல வருஷம் நடந்துச்சாம். இன்னிக்கும் தாய் வயித்துல இருக்கும்போதே சாராயத்தால பாதிக்கப்பட்டுப் பிறக்கிற பிள்ளைங்க உலகத்துலயே ரொம்ப அதிகமா இருக்கிற இடங்கள்ல அந்த மாநிலமும் ஒன்னு. அப்பா நாற்பது தாண்டலைன்னு சொல்லிட்டு அவர் பேச்சை நிறுத்திட்டார்.

என் அப்பாவும் தாண்டலை. கெடாவில தோட்டத்துல பால்மரம் வெட்டினவர். சம்பளம் போடுற அன்னிக்கு அம்மா என்னை டார்ச் லைட்டோட கள்ளுக்கடைக்கு அனுப்புவாங்க. நான் வாசல்ல நிப்பேன். உள்ளே போனா அடி விழும், அவர் இல்லாம வீட்டுக்குப் போனாலும் அடி விழும். கடன் புத்தகத்துல பாதிச் சம்பளம் போயிருக்கும். பின்னாடி கள்ளு பத்தாம சம்சுவுக்குப் போனார். நான் மூன்றாம் படிவம் படிக்கும்போது போய் சேர்ந்துட்டார். அவர் மேல எனக்கு இருந்த கோபம் இத்தனை வருஷத்துல குறையவே இல்லை. திதி கொடுக்கிறேன், வருஷம் தவறாம கொடுக்கிறேன். மனசுல ஒன்னும் இல்லாம கொடுத்திருக்கேன்.

அந்த மரத்தடியிலதான் முதல் தடவையா ஒன்னு யோசிச்சேன். தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைக்க இடம் கொடுத்தது யாரு? லயத்துல இருந்து ஆஸ்பத்திரி தூரம், பள்ளிக்கூடம் தூரம், கள்ளுக்கடை மட்டும் எப்படி நடக்கிற தூரத்துல இருந்துச்சு? அப்பா செஞ்சது சரின்னு சொல்லலை. அம்மா பட்டது பட்டதுதான்.

டர்பனுக்கும் போனோம். 1860-ல மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோ கப்பல்ல கரும்புத் தோட்டத்துக்கு வந்தவங்களோட வம்சம். கோயில்ல ஒரு பாட்டியம்மா தேவாரம் பாடினாங்க, எழுத்தெல்லாம் ஆங்கிலத்துல எழுதி வெச்சுக்கிட்டு. தமிழ் பேச வரலை, பாட்டு மட்டும் தப்பில்லாம வந்துச்சு. அந்த சந்நிதியில அப்பா பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணினேன். ஏன்னு வீட்டம்மா கேக்கலை.

இப்ப நம்ம கோயில் விஷயம். ஆடித் திருவிழா அன்னிக்கு அன்னதானக் கொட்டகைக்குப் பின்னால ஒரு தம்பி குடிச்சிட்டு நின்னான். எத்தனை வருஷமா நம்மகூட சோத்து அண்டா தூக்கினவன். நான் எல்லார் முன்னாலயும் சட்டையைப் பிடிச்சு, கேட்டுக்கு வெளியில தள்ளி, வாய்க்கு வந்தபடி பேசினேன். கோயிலுக்குள்ள குடிச்சிட்டு வரக்கூடாது, அதுல எனக்கு இப்பவும் மாத்துக் கருத்து இல்லை. ஆனா அன்னிக்கு நான் பேசின பேச்சு பாதி அவனுக்கு இல்லை. அதுக்கப்புறம் அவன் வரவே இல்லை.

ஊருக்கு வந்த மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அவன் அம்மா. உள்ளே அவன் அப்பா பட்டப்பகல்ல படுத்துக் கிடந்தார், வாடை வாசல் வரைக்கும் வந்துச்சு. தம்பி வெளியில வந்து, "என்ன அங்கிள்"னு கேட்டான். மன்னிச்சுக்கப்பான்னு சொன்னேன். ஒன்னும் பேசலை, தலையை மட்டும் ஆட்டினான். பக்கத்து டவுன்ல குடிப்பழக்கத்தை விடுறவங்க கூடுற கூட்டம் நடக்குது, நானே காரில் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் அன்னதானம் இருக்கு. காலை 5 மணிக்கு அரிசி களையணும், காய்கறி வெட்ட ஆள் வேணும், முடிஞ்சவங்க என்கிட்ட பேரைக் கொடுங்க. அந்தத் தம்பி வந்தா யாரும் எதுவும் கேக்காதீங்க. அண்டாவோட ஒரு பக்கத்தை அவன் பிடிக்கட்டும், இன்னொரு பக்கம் நான் பிடிச்சுக்கிறேன்.