அமைதிப் பள்ளத்தாக்கு: மனிதர் குடியேறாத மழைக்காடு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், நீலகிரி மலைத்தொடரின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது அமைதிப் பள்ளத்தாக்கு. சைலண்ட் வேலி என்றே பலரும் அறிவர். வடக்கு தெற்காக 12 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 7 கிலோமீட்டர் அளவுள்ள, மலைகள் சூழ்ந்த பீடபூமி இது. 89.52 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தத் தேசியப் பூங்காவுக்குள் ஊரோ வயலோ கிடையாது. வனத்துறையினரின் முகாம்களைத் தவிர ஆள் நடமாட்டமும் அரிது.

இதற்கு முதற்காரணம் நில அமைப்பு. வடக்கிலும் கிழக்கிலும் இடைவெளியில்லாத மலைமுகடுகள் மதிலாக நின்று இதை நீலகிரியின் மேட்டுநிலத்திலிருந்து பிரிக்கின்றன. வடமுனையில் சிஸ்பாரா சிகரம் 2,206 மீட்டர். நடுவிலுள்ள அங்கிந்தா 2,383 மீட்டர். மேற்கே ஒழுங்கற்ற குன்றுகள். தெற்கே நிலம் பாலக்காட்டுச் சமவெளியை நோக்கி இறங்குகிறது. பீடபூமியின் பெரும்பகுதி 880 முதல் 1,200 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. உதகையிலிருந்து கோழிக்கோட்டுக்குப் போட்ட பழைய பாதைகூட வடவிளிம்பில் சிஸ்பாரா கணவாய் வழியாகத்தான் இறங்கியது.

உள்ளே ஓடுவது குந்திப்புழா. 1,861 மீட்டர் உயரத்திலிருந்து 12 கிலோமீட்டர் தொலைவுக்குள் 900 மீட்டருக்கு இறங்கிவிடும் ஆறு, அதில் கடைசி 8 கிலோமீட்டரில் வெறும் 60 மீட்டர்தான் தாழ்கிறது. ஆழமும் குறைவு. கரையில் வண்டல் படிந்த சமநிலம் இல்லை. உழவுக்கு இடமில்லாத ஆற்றங்கரையில் ஊர் எழாததில் வியப்பில்லை. இந்த நீர் தூதப்புழா வழியாகப் பாரதப்புழாவில் கலந்து அரபிக்கடலுக்குப் போகிறது. கிழக்கு முகடுகளுக்கு அப்பால் அட்டப்பாடியில் ஓடும் பவானியோ தமிழ்நாட்டுக்குள் வந்து காவிரியில் சேர்கிறது.

மழையில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. மேற்கிலிருந்து கிழக்கே போகப்போக மழை குறைகிறது. அட்டப்பாடியின் கிழக்குப் பகுதி மழைமறைவு நிலம்.

ஈரம் நிறைந்த இப்பீடபூமியின் பசுமைமாறாக் காட்டில் முக்கியமான மரம் வெடிப்பலா. உருண்டையான, முள் அடர்ந்த இதன் காய்கள் கிளைகளின் மரப்பட்டையை ஒட்டியே காய்க்கும். சிங்கவால் குரங்கு இம்மரத்தின் பூவையும் தின்னும். காயைப் பிளந்து விதையையும் தின்னும். தரைக்கு அதிகம் இறங்காமல் மரத்துக்கு மரம் தாவியே வாழ்கின்ற விலங்கு அது. மரமுடிகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்குப் பிழைப்பு. காட்டின் நடுவே ஓர் ஏரியை உருவாக்குவது அதன் வழியை அறுப்பதாகும்.

அப்படி ஓர் ஏரிதான் திட்டமிடப்பட்டது. மனிதரைத் தள்ளி நிறுத்திய அதே நில அமைப்பு மின்வாரியத்தை ஈர்த்தது: மலைகளுக்கு நடுவே ஏறத்தாழச் சமமாக ஓடிவரும் ஆறு, அதன் முடிவில் குறுகிய பள்ளம். சைரந்திரி அருகே அணை கட்டி 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு 1973இல் ஒப்புதல் கிடைத்தது. சுமார் 830 ஹெக்டேர் காடு மூழ்கியிருக்கும். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கமும், கவிஞர் சுகதகுமாரி போன்ற எழுத்தாளர்களும் எதிர்த்து நின்றனர். 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது. 1985 செப்டம்பர் 7 அன்று ராஜீவ் காந்தி அதைத் தொடங்கிவைத்தார். மரம் வெட்டே நடக்காத காடு என்று சொல்லிவிட முடியாது. 1914இல் ஒதுக்கப்பட்ட காடாக்கப்பட்ட பின்னும் சில பகுதிகளில் வெட்டு நடந்தது. ஆனாலும் நீரில் மூழ்கிய காடு திரும்பாது என்பதால், அணையைத் தடுத்ததே இந்த நிலத்துக்குக் கிடைத்த பெரிய காவல்.

2007இல் 148 சதுர கிலோமீட்டர் காடு பூங்காவைச் சுற்றிய காப்புப் பகுதியாகச் சேர்க்கப்பட்டது. பூங்காவைப் பார்க்க விரும்புவோர் கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாகவும், பாலக்காட்டிலிருந்து மண்ணார்க்காடு வழியாகவும் முக்காலி என்ற ஊருக்கு வரலாம். அங்கிருந்து சைரந்திரி வரை 23 கிலோமீட்டர் காட்டுப்பாதை. வனத்துறையின் அனுமதி பெற்றே போக வேண்டும்.