இரண்டு பெண்கள், இரண்டு நாள், காலி



மாவனல்லையிலிருந்து ராத்தாவும் தங்கச்சியுமாக நாங்கள் இருவர் மட்டும் காலிக்குப் போய் வந்ததைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். எவ்வளவு செலவானது, பயமில்லையா, வீட்டில் எப்படி விட்டார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் சேர்த்து இந்தப் பதிவு.

முதலில் காசு. ஆளுக்கு மாதம் 1,250 ரூபா வீதம் ஒரு வருடம் சேர்த்தோம். ராத்தாவுடைய பங்கு முழுக்கத் தையல் காசு. ஆளுக்கு 15,000 ரூபாவுக்குள் பயணம், ஓரிரவுத் தங்கல், சாப்பாடு எல்லாம் அடங்கியது. கூட்டமும் அறை வாடகையும் கூடும் என்பதால் போயா வாரத்தைத் தவிர்த்தோம்.

காலியைத் தெரிவு செய்தது கோட்டைக்காக. ரயில் நிலையம், பஸ் நிலையம், கோட்டை மூன்றும் நடக்கும் தூரம். உள்ளே போய்விட்டால் ஓட்டோ தேவையில்லை. முஸ்லிம் குடும்பங்கள் பரம்பரையாக அங்கே வாழ்வதால் ஹலால் சாப்பாட்டுக்கு அலையவில்லை. வெளிச்ச வீட்டுக்கு முன்னால் 1904இல் கட்டிய மீரான் பள்ளிவாசல். மதில் மேல் நடக்க டிக்கெட் இல்லை. கொழும்பு கோட்டையிலிருந்து ரயிலில் போனால் வலப்பக்க யன்னலோரம் பிடியுங்கள், கடல் அந்தப் பக்கம்தான்.

பாதுகாப்புக்கு நாங்கள் செய்தவை:

• சுபஹு தொழுதவுடன் புறப்பட்டோம், வெளிச்சத்திலேயே போய்ச் சேர.
• ஒரு பெண் நடத்தும் வீட்டில் அறை எடுத்தோம். உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டோம்.
• அந்த வீட்டு விலாசமும் நம்பரும் வாப்பாவிடம் இருந்தன.
• மஃரிபுக்குப் பிறகு கோட்டையை விட்டு வெளியே போகவில்லை.
• காசை இரண்டு பையில் பிரித்து வைத்தோம்.
• பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938 இரண்டும் போனில் இருந்தன.

மஹ்ரம் பற்றியும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நாங்கள் நம்பும் மௌலவியிடம் விளக்கம் கேட்டு, வாப்பாவின் சம்மதத்தோடுதான் போனோம். நீங்களும் உங்கள் ஆலிமிடம் கேளுங்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்விக் கல்லூரிக்கு இரண்டு பஸ் மாறிப் போனபோது யாரும் இப்படிக் கேட்கவில்லை. முதல் நியமனம் தூரத்தில் கிடைத்தபோதும் கேட்கவில்லை. படிப்புக்கும் உழைப்புக்கும் அனுப்புகிறோம், ஓய்வு என்றதும்தான் "பொம்பிளைகள் தனியாகவா?" என்கிறோம்.

ராத்தாவுக்கு 43 வயது. அதுவரை வீட்டுக்கு வெளியே அவர் தங்கிய இரவுகள் எல்லாம் ஆஸ்பத்திரி வார்டில், யாரோ ஒரு நோயாளிக்குத் துணையாக. அஸருக்குப் பிறகு மதிலில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "இப்ப யாருக்கும் தேத்தண்ணி ஊத்தத் தேவையில்லையே" என்றார். 15,000 ரூபாவுக்கு வாங்கியது அதைத்தான்.

உங்கள் வீட்டிலும் ஒரு உம்மா, ஒரு ராத்தா, ஒரு மாமி இருப்பார். எங்கே போக ஆசை என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். திட்டம் போட உதவி வேண்டுமென்றால் நாங்கள் இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.