வாசலில் அடிக்கிற பறை

மூணு மாசத்துக்கு ஒருமுறை எனக்கு ஒரு தபால் வரும். நகரத்தின் பெரிய ஆர்ட் கேலரி ஒன்றிலிருந்து. வழவழப்பான தாள், நாலாக மடித்திருக்கும். வரப்போகிற கண்காட்சிகள் ஒரு பக்கம், பொதுமக்களுக்கான நிகழ்ச்சிகள் இன்னொரு பக்கம். இந்த முறை வந்ததில், மதராஸ் ஓவிய இயக்கத்துப் படங்கள் ஆறு வாரம். அதற்கப்புறம் சிற்பக் கண்காட்சி. சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு வாட்டர் கலர் வகுப்பு, சாயங்காலம் ஓவியர்களோடு உரையாடல். திறப்புவிழா நாளில் மட்டும் சின்ன எழுத்தில் ஒரு வரி: மாலை 5.30, பறை இசை வரவேற்பு.

அந்தப் பறை இசை என்பது எங்க சித்தப்பாவும் இன்னும் ஆறு பேரும். படம் வரைந்தவர்கள் ஒவ்வொருவர் பெயரும் பிறந்த வருஷத்தோடு அச்சாகியிருக்கிறது. உரையாடல் நடத்துகிறவர் பெயர், வாட்டர் கலர் சொல்லித்தருகிற அம்மாவின் பெயர், தேநீர் யார் உபயம் என்பதுகூட இருக்கிறது. பறைக்குப் பெயர் கிடையாது. அது தானே அடித்துக்கொள்ளும் போல.

எனக்கும் அந்த இடத்துக்கும் பழக்கம் படம் பார்க்கப் போனதில் வந்தது. ஆபீஸ் விட்டு பஸ் பிடிக்கிற வழியில் அந்த கேலரி. பணிக்கர் படங்களில் வார்த்தையும் ஜாதகக் கட்டமும் கலந்து வருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பேன். 1966-இல் சோழமண்டலம் கிராமத்தை உண்டாக்கிய ஓவியர்கள் பாத்திக் துணி போட்டு விற்றுத்தான் வயிறு கழுவினார்கள் என்று அங்கே படித்தபோது அவர்கள்மேல் ஒரு பிரியம் வந்தது. கைவேலை செய்து பிழைத்தவர்கள்தானே அவர்களும். போன வருஷம் அங்கே வேலை பார்க்கிற ஒரு இளைஞர், "சார், உங்களுக்குப் பறைக் குழு யாராவது தெரியுமா?" என்று கேட்டார். அவ்வளவு கூட்டத்தில் என்னை ஏன் கேட்டார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தெரியும் என்றேன்.

எங்க ஊர் அரக்கோணம் பக்கம். 1991-இல் அம்பேத்கர் நூற்றாண்டு முடிந்த கையோடு எங்க சேரியில் பையன்கள் கூடி, இனி ஊர்த்தெரு சாவுக்குப் பறையடிக்கப் போவதில்லை என்று முடிவெடுத்தார்கள். முன்னால் நின்றவர் எங்க நைனா. அதற்காக ஆறு மாசம் ஊரில் யாரும் எங்களைக் கூலிக்குக் கூப்பிடவில்லை. நைனா தன் பறையைத் தூக்கி எரவாணத்துக்கு மேலே போட்டார். மறுபடி தொடவேயில்லை. சித்தப்பாவும் சாவுக்குப் போவதை நிறுத்தினார், ஆனால் பறையை விடவில்லை. இயக்க மேடை, கலை இரவு, கல்லூரி என்று அடித்தார். இதனால் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது. "மேடையில அடிச்சா மட்டும் அது வேற மோளமாயிடுமாடா?" என்று நைனா கேட்பார். சித்தப்பா பதில் சொன்னதில்லை.

போன வருஷம் திறப்புவிழாவுக்கு ஏழு பேரும் டெம்போ பிடித்து வந்தார்கள். வந்ததும் முதல் தகராறு நெருப்பு. பறையைக் காய்ச்சாமல் அடிக்க முடியாது. கன்னுக்குட்டித் தோல், ஈரக்காற்று பட்டாலே தொய்ந்துவிடும். வைக்கோலைக் கொளுத்தி வாட்டினால்தான் தோல் விறைத்து சத்தம் எழும்பும். கேலரி வளாகத்துக்குள் தீ மூட்டக் கூடாது என்று செக்யூரிட்டிக்காரர் மறித்தார். அவர் மேல் தப்பில்லை, உள்ளே படங்கள் இருக்கின்றன. ரோட்டோரமாக, கார் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் போய்க் காய்ச்சினார்கள். வைக்கோல் போதவில்லை. அதே செக்யூரிட்டிக்காரர் உள்ளே போய் மீந்துபோன பழைய நிகழ்ச்சி நோட்டீஸ் ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்தார். வழவழப்புத் தாள், சரியாக எரியவில்லை. புகைதான் வந்தது.

நிற்க வைத்த இடம் வாசல் கேட். விருந்தாளிகள் காரிலிருந்து இறங்குகிறவரை அடி, அவர்கள் கண்ணாடிக் கதவுக்குள் போகிறவரை அடி. நாற்பது நிமிஷம் அடித்தார்கள். சில பேர் நின்று போட்டோ எடுத்தார்கள், ஒரு வெள்ளைக்காரம்மா ஆடினார். அப்புறம் உள்ளே பேச்சு ஆரம்பித்தது. ஒரு பெண் ஓடிவந்து, "ஐயா, கொஞ்சம் நிறுத்திக்கிறீங்களா, மைக்ல கேக்குது" என்றாள். நிறுத்தினார்கள். ஏசிக்காகக் கதவைச் சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் ஏழு பொட்டலம் வந்தது. ஜெனரேட்டர் ரூம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தட்டு, இந்தப் பக்கம் பொட்டலம். உள்ளே வரக்கூடாதுன்னு யாரும் சொல்லலை. வாங்கன்னும் சொல்லலை. கோயில் திருவிழாவில் எங்க தாத்தா எந்த இடத்தில் நின்று அடித்தார் என்று எனக்குத் தெரியும். ஏழு பேருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. நான் அன்றைக்குக் கண்ணாடிக்கு உள்பக்கம் நின்றிருந்தேன், கையில் தட்டோடு. இதை எழுதாமல் விட்டால் நான் எழுதுகிற மற்றதெல்லாம் பொய்.

கூட்டம் கலைந்ததும் சித்தப்பாவை உள்ளே கூட்டிப்போனேன். படங்களை நிதானமாகப் பார்த்தார். கடைசி அறையில் 'மண்ணின் கலைகள்' என்று கண்ணாடிப் பெட்டிகள் வைத்திருந்தார்கள். அதில் ஒன்றில் பறை. சித்தப்பா குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"வேப்பமரச் சட்டம், மூணு துண்டு. புளியங்கொட்டைப் பசையில ஒட்டிக்கிறான். நல்ல கைடா. இழுவை எல்லாப் பக்கமும் சமமாக் கீது. யார் கட்டுனதாம்?"

சீட்டைப் படித்தேன். பறை, தமிழ்நாடு, மரம் மற்றும் தோல், இருபதாம் நூற்றாண்டு. அதற்குக் கீழே அன்பளிப்பாகக் கொடுத்தவர் பெயர். கட்டினவர் பெயர் இல்லை. "செத்த காலேஜ்ல வச்சுட்டாங்க, வா" என்றார்.

எழும்பூர் மியூசியத்துக்குச் சென்னைக்காரர்கள் வைத்த பழைய பெயர் செத்த காலேஜ். மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். எட்டாம் வகுப்பில் எங்களை அங்கே கூட்டிப்போனார்கள். 1909-இல் விக்டோரியா நினைவு மண்டபமாகத் திறந்த சிவப்புக் கட்டடத்தில் ரவிவர்மா படங்களை அரைமணி நேரம் காட்டினார் வாத்தியார். (2002-இல் கட்டடம் பழுது என்று அதைப் பூட்டினார்கள், பல வருஷம் பூட்டியே கிடந்தது.) அமராவதிக் கற்கள் இருந்த அறையில், "இதெல்லாம் புத்தர் கல்லு, வாங்கடா வாங்கடா" என்று ஓட்டினார். 1845-இல் எலியட் என்ற வெள்ளைக்கார அதிகாரி தோண்டியெடுத்த கற்கள். ஒரு பகுதி 1859-இல் லண்டனுக்குப் போய்விட்டது. அதே 1845-இல் பிறந்த அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார் என்பதை நான் முப்பது வயதுக்கு மேல்தான் படித்தேன். எனக்குச் சொந்தமான கல்லைத் தாண்டி ஓடியிருக்கிறேன். எது யாருடையது என்று சீட்டு எழுதுகிறவன் கையில் அவ்வளவு இருக்கிறது.

கேலரி இளைஞரிடம் இதைக் கேட்டேன். நல்ல பையன், படித்தவன். "சார், சோழர் வெண்கலத்திலயே சிற்பி பெயர் கிடையாதே" என்றார். அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. பஸ்ஸில் வந்தது. ராஜராஜன் தஞ்சாவூர்க் கல்லில் கோயில் கட்டின பெருந்தச்சன் பெயரை வெட்டியிருக்கிறான். தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரை, எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்பதோடு வெட்டியிருக்கிறான். தீண்டாச்சேரியும் பறைச்சேரியும்கூட அந்தக் கல்வெட்டுகளில் இருக்கின்றன, வரி நீக்கிய நிலக் கணக்கில், சுடுகாட்டோடு சேர்த்து. அங்கே மனுஷன் பெயர் இல்லை, சேரி மட்டும்தான். சரி, அது ஆயிரம் வருஷக் கதை. இந்தப் பறையைக் கட்டினவர் இன்றைக்கும் உயிரோடு இருக்கலாம். கொடுத்தவரைப் பெயர் கேட்டு எழுதினவர்கள், உங்களுக்கு இது எங்கே கிடைத்தது என்று இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம்.

இந்த வருஷம் மறுபடி போன் வந்தது. ஊருக்குப் போய்ச் சொன்னேன். போக வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். 2025-இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்ததை டிவியில் பார்த்ததிலிருந்து சித்தப்பாவின் பேச்சே மாறியிருக்கிறது. "டில்லியிலயே பேர் சொல்லிக் கூப்பிடறான். இவங்களுக்கு இன்னா?" என்றார். பிறகு சொன்னார், "போவலாம். ஆனா வாசல்ல அடிக்க மாட்டோம். உள்ள, படம் மாட்டிக்கிற எடத்துல அடிப்போம். காய்ச்சறதுக்கு எடம் காட்டட்டும், பக்கத்துல ரெண்டு வாளி தண்ணி வச்சுக்கறோம். சோறு எல்லாரோடதான். நோட்டீஸ்ல பேர் போடணும். எழுது."

நோட்டீஸ் ஏற்கெனவே அச்சடித்தாயிற்று என்றேன். "அப்ப தனியா ஒரு சீட்டு அடிக்கட்டும். காசா இல்ல?"

எழுதினேன். ஏழு பெயர். "இன்சியலோட போடு" என்றார். காலேஜ் படிக்கிற பையன் ஒருத்தன் பிறந்த வருஷமும் போடச் சொன்னான், ஓவியர்களுக்குப் போட்ட மாதிரி. போட்டேன். முடிந்தது என்று பேனாவை மூடப்போனபோது சித்தப்பா தன் பறையை மடியில் திருப்பிப் போட்டு, உள்பக்கச் சட்டத்தைத் தடவினார்.

"இது அண்ணன் தூக்கிப் போட்டதுடா. தோல் மாத்தினேனே தவிர சட்டம் அவன் செஞ்சது. கட்டுனவன் பேருன்னு அவன் பேரையும் போடு."

நைனா செத்து நாலு வருஷம் ஆகிறது. பறையே வேண்டாம் என்று ஆறு மாசம் பட்டினி கிடந்த மனுஷன். அவர் பெயரை ஒரு கேலரியின் வரவேற்புச் சீட்டில், பறைக்குக் கீழே, நான் எழுதலாமா? சித்தப்பாவிடம் கேட்டேன். "உனுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

வெள்ளிக்கிழமைக்குள் கடிதத்தை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். ஏழு பெயருக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு வைத்திருக்கிறேன்.