கிளவுட்ல இருக்கு, எங்க போகும்?

ராத்திரி 11 மணி. டொராண்டோவில் படுக்கப் போற நேரம். திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்திலேர்ந்து போன். அங்கே காலை எட்டரை. இந்த நேரத்துக்கு ஊர்லேர்ந்து போன் வந்தாலே வயித்தைக் கலக்கும், உங்களுக்குச் சொல்லணுமா!

அண்ணா பொண்ணு. "சித்தப்பா, காலேஜ் அக்கவுண்ட் திறக்க மாட்டேங்கறது. பாட்டி ரெக்கார்டிங் எல்லாம் அதுலதான்..." அதுக்குமேல பேச முடியலை, அழ ஆரம்பிச்சுட்டா.

அவ படிச்சது ஆர்க்கிடெக்சர். கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு ஸ்ரீவராகம் கோவில் குளத்தைச் சுத்தி இருக்கற பழைய வீடுகளை எடுத்துண்டா. முதல்ல எங்காம்தான். வரையறதுக்கு முன்னாடி அம்மாவை உட்கார வெச்சு, பேச விட்டுப் பதிவு பண்ணினா. மொத்தம் 11 பதிவு. எந்த உள்ளுல யார் பிறந்தா, முற்றத்துல மழைத்தண்ணி எப்படி இறங்கும், குளத்துப் பக்கம் போற பின்வாசலை ஏன் அடைச்சா... பாதித் தமிழ், பாதி மலையாளம், நடுநடுவுல அப்பாவைப் பத்திப் புகார் வேற.

அம்மா இந்தத் தை மாசம் போயிட்டா.

போன வருஷம் டிகிரி முடிச்சப்பவே அவ கேட்டா, "எல்லாத்தையும் இறக்கி வெச்சுக்கட்டுமா சித்தப்பா?" 20 வருஷமா கம்ப்யூட்டர்ல குப்பை கொட்டற மகானுபாவன் நான் என்ன சொன்னேன் தெரியுமோ? தலைப்பைப் பாருங்கோ.

விஷயம் தெரியாம இல்லை. ஒரு காலத்துல கூகுள் கல்லூரிகளுக்கு அளவில்லாம இடம் கொடுத்தது. 2021ல அதை நிறுத்தப்போறதா அறிவிச்சு, ஒரு நிறுவனத்துக்கு மொத்தமா 100 டெராபைட்னு அளவு வெச்சது. பழைய வாடிக்கையாளர்களுக்கு 2022 ஜூலையிலேர்ந்து. பல கல்லூரிகள் படிச்சு முடிச்சவா கணக்கைக் கழிக்க ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான். எச்சரிக்கை மெயில் வந்திருக்கு. எங்கே? அவ திறக்கறதையே விட்டுட்ட அதே காலேஜ் மெயிலுக்கு!

அழிச்ச கணக்கை நிர்வாகி 20 நாளுக்குள்ள மீட்கலாம். காலேஜுக்குப் போய்க் கேட்டா. 26 நாள் ஆயிடுத்தாம்.

ஆட்டோகாட் மாணவர் உரிமமும் முடிஞ்சுபோச்சு. வருஷா வருஷம் மாணவர்தான்னு நிரூபிக்கணுமே. வரைபடங்களையாவது பிடிஎஃப்பா அச்சடிச்சு வெச்சிருந்தா, பிழைச்சது. வேடிக்கை என்னன்னா, அவ ஏழாம் கிளாஸ்ல ஜிம்ப்ல வரைஞ்ச யானைப்படம் ஆத்துக் கம்ப்யூட்டர்ல இன்னும் ஜோராத் திறக்கறது. கேரளப் பள்ளிக்கூடங்கள்ல சொல்லித்தரது லினக்ஸ், எல்லாம் கட்டற்ற மென்பொருள். 2001 ஜூலைல ஸ்டால்மன் வந்து இந்தியாவுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வெச்சதும் இதே திருவனந்தபுரத்துலதான். பள்ளிக்கூடம் கொடுத்தது கையில இருக்கு, காலேஜ் கொடுத்தது போயிடுத்து.

உங்காத்துல யாராவது இந்த வருஷம் படிப்பு முடிக்கறாளா? கணக்கு உயிரோட இருக்கறச்சயே கூகுள் டேக்அவுட்ல போய் எல்லாத்தையும் இறக்கச் சொல்லுங்கோ. வீட்டு ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு, வேற இடத்துல ஒண்ணு. என்னை மாதிரி சித்தப்பாக்கள் பேச்சைக் கேக்க வேண்டாம்.

அவ எப்பவோ எனக்கு வாட்ஸப்புல அனுப்பின ஒரு துண்டு மட்டும் இருக்கு. 40 செகண்ட். "இது ஓடறதாடீ?"ன்னு கேட்டுட்டு, அம்மா அந்தப் பின்வாசல் கதையை ஆரம்பிக்கறா. அதுக்குள்ள முடிஞ்சுடறது.