சடையங்குப்பத்துக்கு எத்தனை ஹெச்.பி.?

மணலி என்றதும் நம் வாசகர்கள் பலருக்கும் யூரியா மூட்டைதான் நினைவுக்கு வரும். 1971 முதல் உரம் தயாரித்துவரும் மெட்ராஸ் ஃபெர்ட்டிலைசர்ஸ் ஆலை இங்கேதான் இருக்கிறது. அதன் 'விஜய்' சாக்கு கிடக்காத களத்துமேடு நம் பக்கத்தில் குறைவு. கொஞ்ச தூரம் தள்ளி செம்பியத்தில், 1960-ல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் டிராக்டர் ஆலை. நாட்டுக்கே உரமும் டிராக்டரும் அனுப்புகிற இந்தப் பகுதியிலிருந்து, சடையங்குப்பத்துக் குடும்பம் ஒன்று நம் கேள்வி பதில் பகுதிக்கு எழுதியிருந்தது. "எங்களுக்கு 3 காணி கழனி இருக்கிறது. 24 ஹெச்.பி. டிராக்டர் வாங்கலாமா, 45 ஹெச்.பி. வாங்கலாமா?" கடிதம் அவ்வளவுதான். நிலத்தைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

எம்.எஃப்.எல். சந்திப்பைத் தாண்டும்போது இருபுறமும் கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. எண்ணெய்த் தொட்டிகள், புகைபோக்கிகள், இரும்புக் கிடங்குகள். இந்த நெரிசலை விட்டு ஊருக்குள் திரும்பினால் சத்தம் குறைந்து காற்றில் உப்பு வாடை வருகிறது. ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், வடக்கே கொசஸ்தலையாறு, இரண்டும் போய்ச் சேருகிற எண்ணூர் கழிமுகம். ஊராட்சியாக இருந்த சடையங்குப்பம் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆனாலும் பார்க்க இன்னும் கிராமம்தான். பக்கத்தில் பர்மா நகர், இருளர் காலனி. வீட்டுச் சுவர்களில் இடுப்புயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறது. பூண்டி ஏரியைத் திறந்துவிட்டால் கொசஸ்தலையாற்றுத் தண்ணீர் கடலுக்குப் போகும் வழியில் இந்தப் பக்கத்தை ஒரு கை பார்த்துவிட்டுத்தான் போகும். 2015, 2021, 2023 என்று ஊரார் வருடங்களை விரல்விட்டு எண்ணுகிறார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் கழிமுகம்வரை பரவியது.

இந்தக் குடும்பத்தின் 3 காணி (ஏறத்தாழ 4 ஏக்கர்) ஊருக்குள் இல்லை. ஆற்றைத் தாண்டி மீஞ்சூர் பக்கம் இருக்கிறது. மகன் துறைமுகத்துக்கு டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். கழனியைப் பார்த்துக்கொள்வது ஐம்பதைத் தாண்டிய அவருடைய அம்மா. சம்பாவும் நவரையும் போடுகிறார்கள், சொர்ணவாரிக்குத் தண்ணீர் போதவில்லை. மகனுக்கு 45 ஹெச்.பி. மீது ஆசை. "இன்னா சார், நம்ம வேலை போக மீதி நாள்ல டிரெய்லர் மாட்டி லோடு அடிக்கலாமே" என்றார். முன்பணத்துக்கு அம்மாவின் நகையை அடகு வைப்பதாகத் திட்டம். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அத்த நான் ஏறி ஓட்ட முடியுமா சார்?" என்று மட்டும் கேட்டார். என்னைக் கேட்டால், டிராக்டர் கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

கழனிக்குப் போனதும் நான் கேட்டது ஒரு கடப்பாரை. தண்ணீர் கட்டி ஊறிய கழனியில் கடப்பாரையை நேராகப் பிடித்து அழுத்தினால், சேற்றில் சுலபமாக இறங்கி ஓரிடத்தில் 'டக்' என்று நிற்கும். அதுதான் உழவின் கீழ் இறுகிய அடித்தட்டு. டிராக்டரின் சக்கரம் அந்தத் தட்டுவரை இறங்கி, அதன்மேல்தான் உருளும். சிறு டிராக்டர்களின் அடிவயிறு தரையிலிருந்து முக்கால் அடி முதல் ஒரு அடி உயரத்தில் இருக்கும். தட்டு அதைவிட ஆழத்தில் இருந்தால் வண்டி வயிற்றில் உட்கார்ந்துவிடும், சக்கரம் வீணாய்ச் சுற்றும். இவர்கள் கழனியில் பத்து இடத்தில் குத்திப் பார்த்தோம். எட்டு இடத்தில் ஒரு சாணுக்குள் தட்டு கிடைத்தது. ஆற்றுப்பக்க மூலையில் இரண்டு இடத்தில் ஒன்றரை அடி போயும் நிற்கவில்லை. அந்த மூலைக்குள் எந்த நான்கு சக்கர வண்டியையும் விடக்கூடாது. அங்கே பவர் டில்லர்தான், இல்லாவிட்டால் மண்வெட்டி. இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. உங்கள் கழனியிலும் வாங்குவதற்கு முன் செய்து பாருங்கள்.

45 ஹெச்.பி. வண்டி இரண்டு டன்னுக்கு நெருங்கி எடை இருக்கும். 15 முதல் 24 ஹெச்.பி. வரை உள்ளவை பெரும்பாலும் 600 முதல் 900 கிலோவுக்குள் அடங்கும். களிமண் கழனியில் இரண்டு டன்னை வருடத்துக்கு ஆறு முறை ஓட்டினால் அடித்தட்டு மேலும் இறுகும். நெல்லுக்குத் தண்ணீர் தங்க அந்தத் தட்டு வேண்டும், சரி. ஆனால் மீஞ்சூர் பக்கத்து மண்ணுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. சென்னைக்குக் குடிநீர் வேண்டும் என்று 1960-களின் கடைசியிலிருந்து இங்கே ஆழ்துளைக் கிணறுகள் போட்டு உறிஞ்சியதில், கடல்நீர் பல கிலோமீட்டர் நிலத்தடியில் உள்ளே வந்துவிட்டது. அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சிய கழனியில் கோடையில் வரப்போரம் வெள்ளையாய் உப்பு பூக்கிறது. இந்த உப்பை வெளியேற்ற ஒரே வழி, மழைநீரைக் கட்டி மண்ணுக்குள் இறக்கி வடித்துவிடுவது. தட்டு கல்லாய் இறுகிவிட்டால் தண்ணீர் இறங்காது, உப்பும் இறங்காது. (உப்பு என்றதும் ஜிப்சம் வாங்கி ஓடுகிறவர்கள் உண்டு. ஜிப்சம் களர் மண்ணுக்கு. உவர் மண்ணுக்கு நல்ல தண்ணீரும் வடிகாலும்தான் வைத்தியம். மண்ணைப் பரிசோதித்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.) ஆகவே உவர் நிலத்தில் எடை குறைந்த வண்டிக்கே என் ஓட்டு.

அடுத்தது கழனியின் அளவு. 3 காணியும் ஒரே துண்டாக இல்லை, 20 சென்ட், 30 சென்ட் என்று பிரிந்து கிடக்கிறது. 20 சென்ட் துண்டை 132 அடி நீளம், 66 அடி அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய டிராக்டர் ரோட்டவேட்டரோடு திரும்ப இரண்டு முனையிலும் 12 அடி விட வேண்டும் என்றால், அந்தத் துண்டில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவான இடம் திரும்புவதற்கே மிதிபடும். சிறு வண்டிக்கு 7 அடி போதும் என்றால் அது பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. கழனிக்குப் போகிற வண்டிப்பாதையையும் டேப் வைத்து அளந்தேன். குறுகலான இடத்தில் ஐந்தேகால் அடி. 45 ஹெச்.பி. வண்டியின் அகலமே ஐந்தரை அடியிலிருந்து ஆறு அடி. பக்கத்துக் கழனிக்காரரின் வரப்பை மிதிக்காமல் அது உள்ளே வர முடியாது. மகன் டேப்பை வாங்கித் தானே ஒரு முறை அளந்து பார்த்தார். அதற்குப் பிறகு 45 பற்றி அவர் பேசவில்லை.

லோடு அடிக்கிற விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். விவசாயத்துக்கு என்று பதிவு செய்த டிராக்டரில் வாடகைக்குச் செங்கல், மணல் ஏற்றிப் போய் விபத்து நடந்தால் காப்பீட்டில் பெரிய சிக்கல் வரும். அதோடு திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இருபது கிலோமீட்டர் வேகத்தில் டிரெய்லர் இழுப்பது எவ்வளவு ஆபத்து என்பது லாரி ஓட்டுகிற அவருக்கே தெரியும்.

இனி சிறு வண்டிகளுக்குள் எது? சந்தையில் ஸ்வராஜ் 717 (15 ஹெச்.பி.), வி.எஸ்.டி. 18.5 ஹெச்.பி., குபோட்டா நியோஸ்டார் 21 ஹெச்.பி., மஹிந்திரா ஜிவோ 24 ஹெச்.பி. என்று பல இருக்கின்றன. விளம்பரத்தில் சொல்லும் ஹெச்.பி. இன்ஜினுடையது. ரோட்டவேட்டரைச் சுற்றுவது பி.டி.ஓ. தண்டுக்கு வருகிற சக்திதான். அது பொதுவாக இன்ஜின் சக்தியில் 85 சதவீதம் அளவுக்கு இருக்கும். விற்பனையாளரிடம் பி.டி.ஓ. ஹெச்.பி. எவ்வளவு என்று கேட்டு, அந்த எண்ணை வைத்து ஒப்பிடுங்கள். 15–18 ஹெச்.பி.க்கு 3 அடி ரோட்டவேட்டர், 21–24க்கு 4 அடி பொருந்தும். ரோட்டவேட்டர் பின்சக்கரங்களின் வெளிவிளிம்பைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கரத் தடம் அழியாமல் கழனியில் வாய்க்கால் போல நிற்கும். கேஜ் வீல் மாட்டினால் அகலம் கூடும் என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும். சேற்றுழவுக்கு நான்கு சக்கர இழுவை உள்ள வண்டி நல்லது. பாரம் குறைந்த வண்டியில் அது இல்லாவிட்டால் சக்கரம் சறுக்கியே டீசல் தீரும்.

இந்த அம்மாவை 21 ஹெச்.பி. வண்டி ஒன்றில் ஏறி உட்காரச் சொன்னோம். கிளட்சை முழுதாக மிதிக்க முடிந்தது, ஸ்டியரிங்கையும் சிரமமில்லாமல் திருப்பினார். பவர் டில்லர் விலை குறைவுதான், சேற்றில் அதற்கு நிகரில்லைதான். ஆனால் 13 ஹெச்.பி. டில்லரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கச் சேற்றில் நடப்பதை இந்த வயதில் யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இவ்வளவும் சொன்ன பிறகும், "வாங்கலாம்" என்று நான் சொல்லவில்லை. காரணம் மணிக் கணக்கு. 3 அடி ரோட்டவேட்டரை மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், திரும்பும் நேரத்தையும் சேர்த்து ஒரு ஏக்கருக்குச் சுமார் 2 மணி 20 நிமிடம் ஆகும். புழுதி ஒன்று, சேறு இரண்டு என்று மூன்று சால் ஓட்டினால் ஏக்கருக்கு 7 மணி நேரம். 4 ஏக்கர், இரண்டு போகம் என்றால் 56 மணி. பரம்படிக்க, எரு அடிக்க என்று தாராளமாகச் சேர்த்தாலும் வருடத்துக்கு 100 மணியைத் தாண்டாது. ரோட்டவேட்டரோடு 5 லட்சம் ரூபாய்க்கு வாங்கிப் பத்து வருடம் ஓட்டுவதாக வைத்தால், தேய்மானம் வருடத்துக்கு 50,000. வட்டி, காப்பீடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து இன்னும் 35,000 ஆகும் என்று போடுங்கள். 100 மணி மட்டும் ஓட்டினால் மணிக்கு 850 ரூபாய், டீசல் தனி. ஏக்கருக்கு 7,000 ரூபாய்க்கு மேல் போய்விடும். வெளியாள் பெரிய டிராக்டரை மணிக்கு 1,200 ரூபாய் கொடுத்துக் கூப்பிட்டாலும், அது அகலமான ரோட்டவேட்டரில் சீக்கிரம் முடிப்பதால், ஏக்கர் 4,500 ரூபாயில் முடிந்துவிடும். வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இதைவிடக் குறைவு, உழவன் செயலி வழியாகவே பதிவு செய்யலாம். பருவத்தில் எல்லோரும் ஒரே வாரத்தில் கேட்பதால் வண்டி கிடைப்பது தாமதமாகும் என்பதுதான் குறை.

அதே சிறு வண்டி 300 மணி ஓடினால், டீசலோடு சேர்த்தும் மணிக்கு 500 ரூபாய்க்குள் வரும். ஏக்கருக்கு 3,500 ரூபாய்க்குள் முடியும். அந்தக் கழனிகளைச் சுற்றி, இதே பாதையில் போகிற, இதே அளவுத் துண்டுகள் வைத்திருக்கிற உறவுக்காரர்கள் இரண்டு குடும்பம் இருக்கிறார்கள். மூன்று குடும்பமும் சேர்ந்து 12 ஏக்கர். அவர்களோடு பேசி, செலவுப் பங்கையும் யாருக்கு எந்த வாரம் என்பதையும் எழுதி வைத்துக்கொண்டு வாங்கினால் 21 ஹெச்.பி. வண்டி நிச்சயம் கட்டுப்படியாகும். அவர்கள் ஒத்துவராவிட்டால் இந்த வருடமும் வாடகை உழவுதான். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

வாங்கினால் எங்கே நிறுத்துவது என்பதும் இந்தப் பக்கத்தில் சாதாரண விஷயமல்ல. சடையங்குப்பத்து வீட்டு வாசலில் நிறுத்தக் கூடாது, மீஞ்சூர் பக்கத்தில் மேடான களத்தில் கொட்டகை போட வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைத் தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. ஏர் கிளீனர் வழியாக உள்ளே போன தண்ணீர் இன்ஜினை உடைத்துவிடும். பேட்டரியைக் கழற்றி, இன்ஜின் ஆயில், கியர் ஆயில், டீசல் எல்லாவற்றையும் வடித்து, மெக்கானிக் பார்த்த பிறகே சாவியைத் தொட வேண்டும். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். வெள்ளம் இல்லாத நாளிலும், உவர்ச் சேற்றில் இறங்கிய வண்டியை அன்று மாலையே நல்ல தண்ணீரில் கழுவி கிரீஸ் வைக்காவிட்டால் இரண்டு வருடத்தில் போல்ட்டுகள் துருவேறி இறுகிவிடும்.

மானியம் பற்றி. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம் வரையும், மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரையும், உச்சவரம்புக்கு உட்பட்டு உண்டு. எந்த இயந்திரத்துக்கு என்ற பட்டியலும் நிதியும் வருடத்துக்கு வருடம் மாறும். அனுமதி கிடைப்பதற்கு முன் வாங்கிவிட்டால் மானியம் வராது, எனவே முன்பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். இந்தக் குடும்பம் குடியிருப்பது சென்னை மாவட்டம், நிலம் திருவள்ளூர் மாவட்டம். விண்ணப்பத்தை நிலம் இருக்கும் பக்கத்தில் உள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் அம்மாவின் பெயரிலேயே கொடுக்கச் சொன்னேன், பட்டா அவர் பெயரில்தான் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப் பட்டியலைக் காட்டினால் ஏற்காதீர்கள்.

கடைசியாக, செயல்விளக்கம். ஷோரூம் வாசலில் தார்ச் சாலையில் ஓட்டிக் காட்டுவதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டாம். தண்ணீர் கட்டிய உங்கள் கழனிக்கே, ரோட்டவேட்டரும் கேஜ் வீலும் மாட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஓட்டப்போகிறவரே ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். டீசல் டேங்கை நிரப்பிவிட்டுத் தொடங்கி, முடிந்ததும் எத்தனை லிட்டர் ஊற்றினால் மீண்டும் நிரம்புகிறது என்று பாருங்கள். இந்த அளவு வண்டிக்கு இரண்டிலிருந்து இரண்டரை லிட்டருக்குள் வர வேண்டும்.