குரோமில் பச்சை, ஃபயர்ஃபாக்ஸில் காலி



நம் பக்கத்தில் குரோம் என்றால் தோல் பதனிடும் மருந்து. போட்டால் தோல் நீலமாக வரும். ஓய்வு பெற்ற பிறகு நான் மல்லுக்கட்டுவது கம்ப்யூட்டரில் இருக்கும் குரோமோடு. அதில் செய்த ஒரு தவறை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

நம் பழைய மாணவர் ஒருவரின் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் திரட்ட நானே ஒரு வலைப்பக்கம் செய்தேன், தெரியுமல்லவா? எவ்வளவு சேர்ந்தது என்று காட்ட அதில் ஒரு பட்டை. எச்டிஎம்எல்லில் 'ப்ராக்ரஸ்' என்றே ஒரு குறி இருக்கிறது. சேர்ந்த தொகை, மொத்தத் தொகை இரண்டையும் கொடுத்தால் போதும், பட்டை வந்துவிடும். அதற்கு நிறம் கொடுப்பதில்தான் சிக்கல். சிஎஸ்எஸ்ஸில் பிரவுசருக்குப் பிரவுசர் பெயர் வேறு. குரோமில் 'வெப்கிட்-ப்ராக்ரஸ்-பார்' என்பது பின்னால் இருக்கும் காலிப் பட்டை. நிரம்பிய பகுதிக்குப் பெயர் 'வெப்கிட்-ப்ராக்ரஸ்-வேல்யூ'. ஃபயர்ஃபாக்ஸிலோ 'மாஸ்-ப்ராக்ரஸ்-பார்' என்றாலே நிரம்பிய பகுதி.

பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று இரண்டு 'பாரு'க்கும் வெளிர் சாம்பல் நிறம் கொடுத்துவிட்டேன். என் போனில் குரோம். பாதிப் பட்டை பச்சையாக அழகாக இருந்தது. ஃபயர்ஃபாக்ஸில் பணம் சேர்ந்த பகுதியும் சாம்பல். பார்ப்பவருக்கு யாருமே தரவில்லை என்றுதான் தோன்றும்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைக்கும் ஒரு மாணவர் 500 ரூபாய் அனுப்பியிருந்தார். மகனுடைய கம்ப்யூட்டரில் பார்த்திருக்கிறார், அதில் ஃபயர்ஃபாக்ஸ். பத்து நாள் வாயே திறக்கவில்லை. அவர் மனைவிதான் என் வீட்டுக்காரம்மாவிடம், "நாங்க குடுத்தது கொஞ்சம்தானே, அதான் சார் கணக்குல சேக்கலையோன்னு இவரு மனசு கஷ்டப்படுறாரும்மா" என்று சொல்லியிருக்கிறார். காலமெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்குச் சுருக்கென்றது.

உடனே போன் செய்தேன். "தப்பு என்னுதுப்பா, உன் பணம் அன்னிக்கே சேர்ந்துடுச்சு" என்றேன். "ஐயோ, விடுங்க சார்" என்றார். குரல் தழுதழுத்தது.

அன்றிரவே திருத்தினேன். இந்த வேலை தெரிந்த பிள்ளைகளுக்கு ஒன்று: இரண்டு பிரவுசருக்கும் தனித்தனி விதி எழுதுங்கள். காற்புள்ளி போட்டு ஒன்றாக எழுதினால், 'மாஸ்' பெயர் தெரியாத குரோம் விதி முழுவதையும் தள்ளிவிடும். இப்போது பட்டைக்குக் கீழே தொகையை எண்ணிலும் எழுதியிருக்கிறேன். நிறம் எப்படித் தெரிந்தாலும் எண் எல்லோருக்கும் ஒன்றுதான்.

அனுப்பியவர்கள் ஒருமுறை பாருங்கள். குறைவாகத் தெரிந்தால் என்னிடமே கேளுங்கள். சார் ஆயிற்றே என்று மனதுக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார், பாகாயம்