புல் வெட்டும் பொறி

போபால் நகரின் மண் கரிசல் மண். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அது, ஜூன் மாதப் பிற்பகுதியில் மழை விழுந்தவுடன் பச்சை பூணத் தொடங்கிவிடும். செப்டம்பர் முடியும்வரை புல்லின் வளர்ச்சி ஓயாது. எங்கள் குடியிருப்பின் முன்புறம் ஒரு சிறு தோட்டம் உண்டு. நீளம் ஏறக்குறைய 12 மீட்டர், அகலம் 8 மீட்டர். அங்கே கோரையும் காட்டுப்புல்லும் முழங்கால் உயரம் எழுந்துவிட்டால், பாம்பு வந்து தங்கினாலும் கண்ணுக்குப் புலப்படாது.

அந்தப் புல்லை ஆண்டுதோறும் அறுத்து வந்தவர் என் தந்தையார். கோவில்பட்டிக் கரிசலில் கதிரறுத்துப் பழகிய கை அவருடையது. குத்துக்காலிட்டு அமர்ந்து, இடக்கையால் புல்லைப் பற்றி, வலக்கையால் அரிவாளை இழுப்பார். அந்த ஓசையைக் கேட்டே என் மகள் விடுமுறை நாட்களில் கண்விழிப்பாள். எழுபத்திரண்டு வயதில் அவருடைய முழங்கால்கள் மடங்க மறுத்தன. ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றேன். "என் கை இருக்கும்போது வேற்றாள் எதற்கு?" என்று கேட்டார். ஆகவே, நின்றுகொண்டே புல் வெட்ட உதவும் பொறி ஒன்றைத் தேடத் தொடங்கினோம்.

அதன் அமைப்பு எளியது. நீண்ட தண்டின் அடியில் ஒரு மோட்டார். அது சுழற்றும் உருளையிலிருந்து வெளியே நீளும் நைலான் இழை. மிகுந்த வேகத்தில் சுழலும்போது அந்த மெல்லிய இழை விறைத்து நின்று புல்லை அரிந்துவிடும். 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தவரான ஜார்ஜ் பல்லாஸ், கார் கழுவும் நிலையத்தில் சுழன்ற தூரிகைகளைக் கண்டு இக்கருத்தைப் பெற்றார். தகர டப்பாவில் தூண்டில் நரம்பைக் கோத்தே அவர் முதலில் செய்து பார்த்தாராம்!

கடையில் இரு வகைகள் இருந்தன. ஒன்று, வீட்டு மின்சாரத்தை நீண்ட கம்பி வழியாகப் பெறுவது. மற்றொன்று, பேட்டரியில் இயங்குவது. கம்பி வகையின் விலை குறைவு, நிறுத்தும்வரை ஓடும். விலைச் சீட்டை மட்டும் பார்த்தால் அதையே எடுக்கத் தோன்றும். ஆனால் எங்களூரில் புல் வளர்வதே மழைக்காலத்தில்தான். ஈரப் புல்லின்மீது 230 வோல்ட் மின்சாரத்தைச் சுமந்தபடி அந்தக் கம்பி கிடக்கும். சுழலும் இழை அதன் உறையைக் கிழித்துவிட்டால்? மின்கசிவு ஏற்பட்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் எங்கள் பழைய குடியிருப்பில் இல்லை. "மாமாவின் காலில் கம்பி சிக்கினால், குனிந்து எடுக்க அவரால் முடியுமா?" என்று என் மனைவி கேட்டாள். அந்தக் கேள்வியோடு கம்பி வகை நீங்கிற்று.

பேட்டரி நெடுநேரம் வரும் என்றார் கடைக்காரர். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் அதை அப்படியே ஏற்கவில்லை. பேட்டரியின்மேல் 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தது. இரண்டையும் பெருக்கினால் 36 வாட்-மணி. பொறி 180 வாட் இழுக்குமானால் 12 நிமிடங்களே ஓடும். 4 ஆம்பியர்-மணிப் பேட்டரியானால் 24 நிமிடங்கள். கணக்கை முடித்துவிட்டு, "தாத்தா, உங்களால் எவ்வளவு நேரம் நிற்க முடியும்?" என்று கேட்டாள்.

"கால்மணி நேரம் நிற்பேன், தாயி."

பெரிய பேட்டரி எடையும் கூடுதல், தோளை இழுக்கும். சிறியதையே வாங்கினோம். அது ஓயும்போது அவரும் ஓய்கிறார். சார்ஜ் ஏறும்வரை திண்ணையில் அமர்ந்து மோர் அருந்துகிறார். மூடிய காலணியும் கண்காப்புக் கண்ணாடியும் அணிந்துகொள்ள அவரை இசையவைக்கத்தான் ஒரு வாரம் பிடித்தது. மண்ணை வெறுங்காலால் மிதித்தே பழகியவர். லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. இங்கே மே மாத வெயிலோ 40 பாகையைத் தாண்டும். ஆகவே பேட்டரியின் இடம் வீட்டினுள், அவருடைய மூக்குக் கண்ணாடிக்கு அருகில்.

தோட்டத்தின் மூலையில் ஒரு கறிவேப்பிலைக் கன்று நிற்கிறது. நைலான் இழை பட்டால் இளந்தண்டின் பட்டை உரிந்துவிடும். சுற்றிலும் உரிந்தால் கன்று பட்டுப்போகும். அதனால் அதைச் சுற்றி ஒரு முழத்திற்குப் பொறி செல்வதில்லை. அங்குள்ள புல்லை என் மகள் அரிவாளால் அறுக்கிறாள். தந்தையார் அருகே நாற்காலியில் அமர்ந்து, இடக்கை விரல்களை எப்படி மடக்கிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லித்தருகிறார்.